வாஞ்சிக்குச் சுடக் கற்றுக்கொடுத்த வ.வே.சு. ஐயர்: ரிவால்வரா, பிஸ்டலா? ஒரு வாழ்க்கையும் சில துப்பாக்கிகளும்

ஆஷ் துரையை வாஞ்சிநாதன் சுட்டது எதால் என்று கேட்டால், பெரும்பாலானவர்கள் சட்டென்று ரிவால்வர் என்பார்கள். பள்ளிக்கூட நாடகம் முதல் சினிமா வரை அப்படித்தான் காட்டுகிறார்கள். ஆனால் 1911-ல் மணியாச்சியில் வெடித்தது ரிவால்வர் இல்லை. பெல்ஜியத்தில் செய்யப்பட்ட பிரௌனிங் ஆட்டோமேட்டிக் பிஸ்டல். ரெண்டும் ஒண்ணுதானே என்று தோன்றலாம். ஒன்றல்ல. பயிற்சிக் களத்தில் சுட எது வசதி, இடுப்பில் வைத்து எடுத்துப்போக எது வசதி என்ற கேள்விக்கு அந்தக் காலத்திலேயே வேறு வேறு பதில் இருந்தது. அந்தப் பதில்கள் தெரிந்த ஒரு தமிழர்தான் வாஞ்சிக்குச் சுடக் கற்றுக்கொடுத்தார். அவர் வரகனேரி வேங்கடேச சுப்பிரமணிய ஐயர். சுருக்கமாக வ.வே.சு. ஐயர்.

இதுக்கும் பழனி, திண்டுக்கல் பக்கத்துக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது. ஆஷ் அன்றைக்குப் போய்க்கொண்டிருந்தது நம் கொடைக்கானலுக்குத்தான். மணியாச்சியில் ரயில் மாறி, மதுரை தாண்டி, கொடைக்கானல் ரோடு ஸ்டேஷனில் இறங்கி மலையேறுவது அவருடைய திட்டம். பழனிக்கு அப்போது ரயிலே கிடையாது. அது 1928-ல்தான் வந்தது. கொடைக்கானலுக்குக் கார் போகும் ரோடும் இல்லை. கோடை ரோட்டிலிருந்து மாட்டு வண்டியில் மலையடிவாரம் வந்து, அங்கிருந்து குதிரையிலோ ஆள் தூக்கும் நாற்காலியிலோதான் மேலே போக வேண்டும். அந்தப் பயணம் மணியாச்சியிலேயே முடிந்துவிட்டது.

வக்கீலாகப் போனவர்

ஐயர் 1881 ஏப்ரல் 2-ம் தேதி திருச்சி வரகனேரியில் பிறந்தார். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்தார். வக்கீல் பரீட்சை எழுதித் திருச்சியில் தொழில் செய்தார். பிறகு ரங்கூன் போனார். அங்கிருந்து 1907-ல் லண்டன். லிங்கன்ஸ் இன்னில் பாரிஸ்டர் படிப்பு. அந்தக் காலத்தில் வசதியுள்ள வக்கீல் குடும்பங்கள் கண்ட கனவு அது. பாரிஸ்டராகத் திரும்பினால் வருமானமும் மரியாதையும் தானாக வரும்.

லண்டனில் அவர் தங்கிய இடம்தான் எல்லாவற்றையும் மாற்றியது. ஹைகேட் பகுதியில் இந்தியா ஹவுஸ் என்ற மாணவர் விடுதி. சியாம்ஜி கிருஷ்ணவர்மா தொடங்கியது. வி.டி. சாவர்க்கர் அங்கே இருந்தார். நம்மவர்களில் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜனும் எம்.பி.டி. ஆச்சார்யாவும் இருந்தார்கள். 1857 கிளர்ச்சி பற்றி சாவர்க்கர் மராத்தியில் எழுதிய புத்தகம் ஆங்கிலத்துக்கு வந்ததில் ஐயருக்குப் பெரிய பங்கு உண்டு. பாரதியார் நடத்திய இந்தியா பத்திரிகைக்கு லண்டனிலிருந்து கட்டுரைகளும் அனுப்பினார்.

படிப்பு ஒரு பக்கம் நடந்தது. இன்னொரு பக்கம் அந்த விடுதிக்காரர்கள் துப்பாக்கி சுடவும் கற்றுக்கொண்டார்கள்.

லண்டனில் துப்பாக்கி வாங்குவது அவ்வளவு சுலபமா?

சுலபம்தான். ஒரே சாம்ராஜ்யத்தில் இரண்டு சட்டம் இருந்தது. இந்தியாவில் 1878-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி இந்தியர் ஒருவர் லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. ஆனால் இங்கிருந்த ஐரோப்பியர்களுக்கு விதிவிலக்கு இருந்தது. இது அந்தத் தலைமுறைக்குப் பெரிய அவமானமாகப் பட்டது. காங்கிரஸ் மாநாடுகளிலேகூட இந்தச் சட்டத்தை எதிர்த்துத் தீர்மானம் போட்டார்கள்.

லண்டனிலோ 1903-ம் ஆண்டு பிஸ்டல் சட்டம் இருந்தும் கெடுபிடி குறைவு. தபால் ஆபீஸில் 10 ஷில்லிங் கட்டினால் துப்பாக்கி லைசென்ஸ். அதைக் காட்டினால் கடைக்காரர் கைத்துப்பாக்கியை விற்றுவிடுவார். மதன்லால் திங்ரா என்ற பஞ்சாபி மாணவர் 1909 ஜனவரியில் ஹோபர்னில் இருந்த கேமேஜ் கடையில் ஒரு கோல்ட் ஆட்டோமேட்டிக் பிஸ்டல் வாங்கினார். விலை 3 பவுண்டு 5 ஷில்லிங். சொந்த ஊரில் கையால் தொட முடியாத பொருள், ஆள்பவனுடைய தலைநகரில் விளையாட்டுச் சாமான் விற்கிற கடையில் கிடைத்தது.

பயிற்சிக்கும் இடம் இருந்தது. டாட்டன்ஹாம் கோர்ட் ரோடு 92-ம் நம்பரில் காசு கட்டிச் சுடும் களம் ஒன்று இருந்தது. 1909 ஜூலை 1 மாலை திங்ரா அங்கே 12 முறை சுட்டு, 11 முறை இலக்கில் அடித்தார். அன்றிரவே இம்பீரியல் இன்ஸ்டிடியூட்டில் சர் கர்சன் வைலியைச் சுட்டுக் கொன்றார். தடுக்க வந்த டாக்டர் லால்காகாவும் இறந்தார். ஆகஸ்ட் 17-ல் திங்ரா தூக்கிலிடப்பட்டார். களத்துக்காரர் கோர்ட்டில் வந்து சாட்சி சொன்னதால்தான் இந்த விவரங்கள் எல்லாம் பதிவாகி இருக்கின்றன.

ரிவால்வர், பிஸ்டல் – என்ன வித்தியாசம்?

ரிவால்வரில் ஓர் உருளை இருக்கும். அதில் ஐந்து அல்லது ஆறு குண்டு. ஒவ்வொரு முறை சுடும்போதும் உருளை சுழன்று அடுத்த குண்டு குழலுக்கு நேராக வரும். அதனால்தான் தமிழில் சுழல் துப்பாக்கி என்கிறோம். அமெரிக்காவின் சாமுவேல் கோல்ட் 1836-ல் அங்கே காப்புரிமை வாங்கிய அமைப்பு இது. பிரிட்டிஷ் அதிகாரிகளின் இடுப்பில் இருந்தது பெரும்பாலும் வெப்லி ரிவால்வர். ஒரு கிலோவுக்கு மேல் எடை. பெரிய குண்டு, கனத்த உதைப்பு.

ஆட்டோமேட்டிக் பிஸ்டலில் உருளை கிடையாது. கைப்பிடிக்குள் போகும் பெட்டியில் குண்டுகள் அடுக்காக இருக்கும். ஒரு குண்டு வெடிக்கும் வேகத்திலேயே காலித் தோட்டா வெளியே விழுந்து, அடுத்தது உள்ளே ஏறிவிடும். ஜான் பிரௌனிங் என்ற அமெரிக்கர் வடிவமைத்து, பெல்ஜியத்தின் லியேஜ் நகருக்குப் பக்கத்தில் எஃப்.என். கம்பெனி செய்த 1900-ம் ஆண்டு மாடல் உலகம் பூராவும் விற்றது. எடை சுமார் 625 கிராம். 7.65 மில்லிமீட்டர் குண்டு ஏழு.

இப்போது கேள்விக்கு வருவோம். களத்தில் நின்று பழகுகிற ஆளுக்கு ரிவால்வர் நல்லது. கனமாக இருப்பதால் கை ஆடாது. அமைப்பு எளிது. ஒரு குண்டு வெடிக்காவிட்டால் மறுபடி விசையை இழுத்தால் போதும், அடுத்த குண்டு வந்துவிடும். உள்ளே குண்டு இருக்கிறதா இல்லையா என்பதையும் உருளையைத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

எடுத்துப்போவது என்று வந்தால் கதை வேறு. ரிவால்வரின் உருளை துணிக்கு மேலே புடைத்துக்கொண்டு நிற்கும். பிரௌனிங் தட்டை. கோட்டுப் பைக்குள் போனால் வெளியே தெரியாது. குண்டும் ஒன்று கூடுதல். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. பிஸ்டல் சிக்கிக்கொண்டால் அதை விடுவிக்கத் தெரிந்திருக்க வேண்டும். பெட்டியைக் கழற்றிய பிறகும் குழலுக்குள் ஒரு குண்டு தங்கியிருக்கலாம். அது தெரியாமல் கையாண்டு பலர் செத்திருக்கிறார்கள். அதாவது, ரிவால்வரை ஓரளவு சொல்லிக்கொடுத்தால் போதும். பிஸ்டலுக்குப் பழக்கிவிட ஓர் ஆசிரியர் வேண்டும்.

பிரௌனிங்கைத் தேர்ந்தெடுத்தது இந்தியப் புரட்சிக்காரர்கள் மட்டுமில்லை. 1904-ல் பின்லாந்தில் ரஷ்ய கவர்னர் ஜெனரல் போப்ரிகோவைச் சுட்டதும், 1909 அக்டோபரில் ஹார்பினில் ஜப்பானின் இத்தோ ஹிரோபுமியைக் கொரியர் ஆன் ஜங்-குன் சுட்டதும் இதே 1900 மாடலால்தான். சாவர்க்கர் 1909 தொடக்கத்தில் 20 பிரௌனிங் பிஸ்டல்களைப் பெட்டியின் ரகசிய அடித்தட்டில் மறைத்து, இந்தியா ஹவுஸ் சமையல்காரர் மூலம் பம்பாய்க்கு அனுப்பினார். அந்தத் தொகுதியில் ஒன்றுதான் 1909 டிசம்பர் 21-ல் நாசிக் கலெக்டர் ஜாக்ஸனின் உயிரைக் குடித்தது. அந்த வழக்குதான் சாவர்க்கரையும் சிக்க வைத்தது. 1910 மார்ச் 13-ல் லண்டன் விக்டோரியா ஸ்டேஷனில் அவர் கைதானார்.

லண்டனிலிருந்து புதுச்சேரிக்கு

சாவர்க்கர் பிடிபட்ட பிறகு அடுத்த குறி ஐயர்தான் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பாரிஸ்டர் பட்டத்தை விட்டுவிட்டு, சீக்கியர் வேஷத்தில் லண்டனை விட்டு வெளியேறினார். பாரிஸில் மேடம் காமாவுடன் சேர்ந்து வேலை செய்தார். சாவர்க்கர் மார்செய் துறைமுகத்தில் கப்பலிலிருந்து குதித்துத் தப்ப முயன்ற ஜூலை 8 அன்று, அவரைக் காரில் ஏற்றிப்போக வந்தவர்களில் ஐயரும் ஒருவர். கார் வந்து சேருவதற்குள் போலீஸ் பிடித்துவிட்டது.

ஐயர் அதன்பின் ஒரு முஸ்லிம் பயணி போல வேஷம் மாற்றிக்கொண்டு, பல நாடுகள் சுற்றி, 1910 அக்டோபரில் புதுச்சேரி வந்து சேர்ந்தார். அது பிரெஞ்சு மண். பிரிட்டிஷ் போலீஸ் அங்கே கைது செய்ய முடியாது. பாரதியார் 1908-லிருந்தே அங்கே இருந்தார். அரவிந்தர் 1910 ஏப்ரலில் வந்திருந்தார். ஐயர் வந்தபோது அவர் கூடவே வந்தது லண்டனில் கற்ற இரண்டு விஷயம்: எழுத்து, துப்பாக்கி.

கரடிக்குப்பத்தில் ஒரு மாணவன்

செங்கோட்டை வாஞ்சிநாதன் திருவிதாங்கூர் வனத்துறையில் புனலூரில் வேலை பார்த்தவர். வயது இருபத்தைந்தைத் தொட்டிருக்கும். நீலகண்ட பிரம்மச்சாரி உருவாக்கிய பாரத மாதா சங்கத்தில் சேர்ந்தார். 1911 தொடக்கத்தில் லீவு போட்டுவிட்டுப் புதுச்சேரி வந்தார். ஊருக்கு வெளியே கரடிக்குப்பம் பக்கம் ஐயர் அவருக்குச் சுடக் கற்றுக்கொடுத்தார். 1918-ல் வெளியான ரௌலட் கமிட்டி அறிக்கையிலும் இந்தப் பயிற்சி இடம்பெற்றிருக்கிறது.

1911 ஜூன் 17. திருநெல்வேலி கலெக்டர் ராபர்ட் வில்லியம் டி'எஸ்கோர்ட் ஆஷ், மனைவி மேரியுடன் மணியாச்சி ஜங்ஷனில் முதல் வகுப்புப் பெட்டியில் உட்கார்ந்திருந்தார். குழந்தைகள் கொடைக்கானலில் காத்திருந்தார்கள். காலை பத்தரை மணிக்கு மேல் வாஞ்சி பெட்டிக்குள் ஏறிச் சுட்டார். பிறகு பிளாட்பாரக் கழிப்பறைக்குள் ஓடித் தன்னையும் சுட்டுக்கொண்டார். தூத்துக்குடியில் வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனியை நசுக்கியதில் ஆஷுக்கு இருந்த பங்கு, ஐந்து நாளில் நடக்கவிருந்த ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு விழா – இரண்டும் பின்னணியில் இருந்தன. வாஞ்சியின் சட்டைப் பையில் கிடைத்த கடிதம் சுதந்திரத்தோடு சேர்த்து சனாதன தர்மத்தையும் பேசுகிறது. அந்தக் கடிதத்தை எப்படிப் படிப்பது என்பதில் தமிழகத்தில் இன்றும் சண்டை ஓயவில்லை.

பதினான்கு பேர் மீது வழக்கு நடந்தது. முதல் குற்றவாளியாக நிறுத்தப்பட்ட நீலகண்டனுக்கு 7 ஆண்டு சிறை. ஐயருக்கும் வாரண்ட் இருந்தது. அவர் பிரெஞ்சு எல்லையைத் தாண்டவில்லை. அதாவது, கற்றுக்கொண்டவர் செத்துப்போனார், கூட்டாளிகள் ஜெயிலுக்குப் போனார்கள், கற்றுக்கொடுத்தவர் எல்லைக்கு இந்தப் பக்கம் இருந்தார். ஐயரைப் பற்றி எழுதும்போது இந்தக் கணக்கைத் தள்ளிவிட்டுப் போக முடியாது.

துப்பாக்கியைக் கீழே வைத்த வருடங்கள்

மணியாச்சிக்குப் பிறகு தமிழ்நாட்டில் அப்படி இன்னொரு கொலை நடக்கவில்லை. புதுச்சேரியில் ஒற்றர்கள் நிறைந்தார்கள். ஐயர் வீட்டுக் கிணற்றில் பொய் ஆதாரங்களை ஜாடியில் போட்டுச் சிக்க வைக்கக்கூட முயற்சி நடந்தது. 1914-ல் உலகப் போர் வந்தது. செப்டம்பர் 22-ல் எம்டன் கப்பல் சென்னையில் குண்டு போட்டது. புதுச்சேரி அகதிகளை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பேச்சு கிளம்பியது.

உயிர் போகலாம் என்று நினைத்த அந்த நேரத்தில் ஐயர் கையில் எடுத்தது பேனா. திருக்குறள் முழுவதையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். சில மாதத்தில் முடித்தார். 1916-ல் புத்தகம் வந்தது. குளத்தங்கரை அரசமரம் கதையும் இந்தக் காலத்ததுதான். தமிழின் முதல் நவீனச் சிறுகதை என்று பலர் சொல்வது அதைத்தான். வரதட்சணைச் சண்டையில் ஒரு சின்னப் பெண்ணின் உயிர் போவதை ஒரு மரம் சொல்கிற கதை. துப்பாக்கியைப் பற்றி அவருக்குத் தெரிந்தது எதுவும் அதில் இல்லை.

காந்தியை ஐயருக்கு லண்டனிலேயே தெரியும். 1909 அக்டோபரில் இந்திய மாணவர்கள் நடத்திய தசரா விருந்துக்குக் காந்திதான் தலைமை. அன்றைக்கு இரண்டு பேரும் எதிரெதிர்ப் பாதை. 1920-ல் பொது மன்னிப்பு கிடைத்துப் புதுச்சேரியை விட்டு வெளியே வந்த ஐயர், காந்தியின் அகிம்சை வழிக்கு வந்துவிட்டார். தேசபக்தன் பத்திரிகைக்கு ஆசிரியரானார். அதில் வந்த ஒரு கட்டுரைக்காக 1921-ல் ராஜத்துரோக வழக்கு. பெல்லாரி ஜெயிலில் கம்பராமாயணம் பற்றி ஆங்கிலத்தில் ஆய்வு நூல் எழுதினார். ஆயுதப் பயிற்சி கொடுத்தபோது பிடிக்க முடியாதவரை, கடைசியில் ஓர் எழுத்துக்காக உள்ளே தள்ளினார்கள்.

குருகுலமும் பாபநாசமும்

வெளியே வந்தவர் 1922-ல் சேரன்மாதேவியில் தமிழ்க் குருகுலம் ஆரம்பித்தார். படிப்பு, கைத்தொழில், உடற்பயிற்சி எல்லாம் சேர்ந்த தேசியப் பள்ளி. தமிழ்நாடு காங்கிரஸ் 10,000 ரூபாய் தருவதாகச் சொல்லி முதலில் 5,000 கொடுத்தது. சிக்கல் சாப்பாட்டில் வந்தது. பிராமணப் பிள்ளைகள் இருவருக்குத் தனிப் பந்தி. பொதுப் பணத்தில் நடக்கும் இடத்தில் இது எப்படி நியாயம் என்று பெரியாரும் டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் கேட்டார்கள். பெற்றோருக்குக் கொடுத்த வாக்கை மீற முடியாது என்று ஐயர் நின்றார். காந்தி வரை பஞ்சாயத்து போனது. முடிவில் ஐயர் குருகுலப் பொறுப்பை விட்டு விலகினார். அந்த வருடமே பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறினார். தமிழக அரசியல் திரும்பிய இடங்களில் அந்தப் பந்தியும் ஒன்று.

எதிரியைச் சுடப் பழகினால் போதும், தேசம் விடுதலையாகும் என்று நம்பியவர், அதே தேசத்துப் பிள்ளைகளை ஒரே வரிசையில் உட்காரவைத்துச் சாப்பிடவைக்க முடியாமல் தோற்றார். அவருடைய வாழ்க்கையில் அவர் சந்தித்த கடினமான களம் இதுதான்.

1925 ஜூன் தொடக்கத்தில் பிள்ளைகளுடன் பாபநாசம் போனார். கல்யாண தீர்த்தத்தில் மகள் சுபத்திரா தண்ணீரில் தவறி விழ, காப்பாற்றக் குதித்தார். இருவரும் இறந்தார்கள். அவருக்கு வயது 44. திருச்சி வரகனேரியில் அவர் வாழ்ந்த வீடு இப்போது நினைவு இல்லமாக இருக்கிறது.

இன்றைக்குச் சட்டம் என்ன சொல்கிறது?

1878 சட்டம் போய் 1959-ல் நம் சொந்த ஆயுதச் சட்டம் வந்தது. ஐரோப்பியருக்கு ஒன்று, இந்தியருக்கு ஒன்று என்ற பாகுபாடு கிடையாது. எல்லோருக்கும் லைசென்ஸ் கட்டாயம். பழனிக்காரர் ஒருவர் கைத்துப்பாக்கி வேண்டுமென்றால் விண்ணப்பிக்க வேண்டியது திண்டுக்கல் கலெக்டரிடம். போலீஸ் விசாரணை உண்டு. 2016 விதிகளின்படி பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சிச் சான்றும் வேண்டும். சுடக் கற்பது முதலில், துப்பாக்கி பிறகு. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் அதிகபட்சம் இரண்டு துப்பாக்கிதான் வைத்திருக்கலாம். லைசென்ஸ் 5 ஆண்டு செல்லும். போட்டிகளில் சுடும் வீரர்களுக்குத் தனி விதிகள் உண்டு.

9 மில்லிமீட்டர் போன்றவை தடை செய்யப்பட்ட ரகம். சாதாரண ஆள் வாங்கக்கூடியது பெரும்பாலும் .32. வாஞ்சி காலத்துப் பிரௌனிங்கின் 7.65 மில்லிமீட்டரும் கிட்டத்தட்ட இதே அளவுதான். கான்பூர் அரசு ஆலை செய்யும் .32 ரிவால்வர்தான் இங்கே பரவலாகக் கிடைப்பது. பெண்களுக்கென்று 2014-ல் வந்த நிர்பீக் ரிவால்வர் 500 கிராம்தான்.

எடுத்துப்போவதிலும் கட்டுப்பாடு இருக்கிறது. திருவிழா, ஊர்வலம், பொதுக்கூட்டம், கல்வி நிலைய வளாகம் ஆகியவற்றுக்குள் கொண்டுபோகக் கூடாது. தைப்பூசக் கூட்டத்துக்குள் லைசென்ஸ் இருக்கிறதே என்று இடுப்பில் வைத்துக்கொண்டு போனால் லைசென்ஸுக்கே ஆபத்து. சந்தோஷத்துக்கு மேலே சுடுவதும் 2019 முதல் தனிக் குற்றம். தேர்தல் அறிவித்தால் பெரும்பாலும் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். சும்மா குறிபார்த்துச் சுடும் ஆசை மட்டும் என்றால், குறிப்பிட்ட சக்திக்கு உட்பட்ட .177 ஏர் பிஸ்டல் போதும். அதற்கு லைசென்ஸ் தேவையில்லை.

மணியாச்சி ஸ்டேஷனுக்கு இப்போது வாஞ்சி மணியாச்சி என்று பெயர். கொடைக்கானல் ரோடு ஸ்டேஷன் பெயர் மாறாமல் அப்படியே இருக்கிறது. தூத்துக்குடியிலிருந்து வரும் ரயில்கள் இன்றும் இரண்டையும் தாண்டித்தான் திண்டுக்கல் வந்து சேருகின்றன.